நாகப்பட்டினம் பக்கத்துல யாட்டை எங்க நங்கூரம் போடலாம்?

கேள்வி கேட்டவர் பாண்டிச்சேரியில இருந்து நாப்பது அடி பாய்மர யாட்ல தெக்கே வர்றாராம், நாகப்பட்டினம் பழைய துறைமுகப்பட்டினமாச்சே, பக்கத்துல அமைதியான விரிகுடா ஏதாவது இருந்தா நங்கூரம் போட்டுட்டு ரெண்டு நாள் ஊர் சுத்தலாமான்னு கேட்டிருக்கார். நான் நாகைக்காரன், கொஞ்ச காலம் கப்பல்ல டெக் வேலை பார்த்தவன், எங்க சித்தப்பா இன்னும் ஃபைபர் போட்ல தொழிலுக்குப் போறவர். அந்த தைரியத்துல எழுதுறேன்.

விரிகுடான்னு ஒண்ணு இங்க கிடையாதுங்க. மேப்பை எடுத்துப் பாருங்க, பூம்புகார்ல இருந்து கோடியக்கரை வரைக்கும் ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி கரை. ஒதுங்க ஒரு வளைவு இல்ல, ஒரு மலை இல்ல, ஒரு தீவு இல்ல. அப்ப எப்படிப்பா இது துறைமுகம் ஆச்சுன்னு கேப்பீங்க. ராஜராஜன் காலத்துல சுமத்ரா பக்கத்து ஸ்ரீவிஜய ராஜா இங்க சூடாமணி விகாரம்ங்கிற புத்த மடத்தைக் கட்டினார், 1658ல போர்ச்சுகீசியர்கிட்ட இருந்து டச்சுக்காரன் பிடிச்சான், அந்தப் பக்கம் தரங்கம்பாடியில 1620ல இருந்து 1845 வரைக்கும் டேனிஷ்காரன் இருந்தான், எல்லாம் சரி, ஆனா இவங்க யாரோட பெரிய கப்பலும் கரைக்கு வந்ததில்ல, வெளிய திறந்த கடல்ல நின்னுச்சு, சரக்கையும் ஆளையும் மசுலா படகு தான் ஏத்தி இறக்குச்சு. ஆணியே அடிக்காம பலகையை கயிறால தைச்ச படகு அது, கரை அலையில தட்டினா உடையாம வளைஞ்சு கொடுக்கும். 1782 ஜூலை 6ந்தேதி நாகைக்கு வெளிய ஹியூஸோட இங்கிலீஷ் கப்பல்படையும் சஃப்ரேனோட பிரெஞ்சு கப்பல்படையும் மோதிக்கிச்சு, அடுத்த மாசக் கடைசியிலயே சஃப்ரேன் போய் திருகோணமலையைப் பிடிச்சுட்டான். ஏன்னா வாடைக் காத்து ஆரம்பிச்சா கப்பலை ஒளிச்சு வைக்க இந்தக் கரை முழுக்க ஒரு இடம் இல்ல, திருகோணமலையில தான் உண்மையான விரிகுடா இருக்கு. ஒரு கப்பல்படைக்கே கிடைக்காதது உங்க யாட்டுக்கு எங்க கிடைக்கப் போவுது.

அதனால இங்க நங்கூரம் போடுறதுன்னா திறந்த கடல்ல போடுறது, அவ்வளவு தான். முடியாதுன்னு சொல்லல, சீசன் பாத்து போடணும். அக்டோபர் நடுவுல இருந்து டிசம்பர் முடியுற வரைக்கும் இந்தப் பக்கம் எட்டியே பாக்காதீங்க, 2018 நவம்பர் 16 கஜா வேதாரண்யம் பக்கம் கரை ஏறினப்ப இங்க நின்ன போட்டெல்லாம் என்ன கதிக்கு ஆளாச்சுன்னு எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. பிப்ரவரி, மார்ச் தான் என் சாய்ஸ். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகெல்லாம் ஆத்துல கட்டிக் கிடக்கும், அது ஒரு வசதி, ஆனா மே பொறந்துட்டா மத்தியானத்துக்கு மேல சோழகம், அதாவது தெக்குக் காத்து, ஏறி அடிக்க ஆரம்பிச்சுடும், ஃபைபர் போட்டுக்கு தடையும் கிடையாது.

கடுவையாத்துக்குள்ள போயிடலாமேன்னு தோணும். முகத்துவாரம் மணல் தூர்ந்துகிட்டே இருக்குற இடம், யாட்டோட கீல், அதாவது அடியில நீட்டிகிட்டு இருக்குற பாகம், ரெண்டு மீட்டர் இறங்கும், உள்ள போனாலும் விசைப்படகு மேல விசைப்படகா நிக்கும். நாகூருக்கு அடுத்தாப்ல வாஞ்சூர்ல இருக்குற காரைக்கால் துறைமுகம் நிலக்கரி கப்பல் வர்ற தனியார் துறைமுகம், அங்க யாட்டுக்கு வேலை இல்ல. தரங்கம்பாடி கோட்டைக்கு நேரா நங்கூரம் போட்டு போட்டோ எடுக்கலாம்னு ஆசை வரும், கரைக்கிட்ட போகாதீங்க. மாசிலாமணிநாதர் கோயில்ல முன்பக்கத்தை கடல் தின்னுடுச்சு, கரையைக் காப்பாத்த கொட்டின கல்லும் கிடக்கு.

நாகைக்கு வெளிய தான் போடப் போறீங்கன்னா, சரிவு மெதுவா இறங்குற கடல் இது, கரையை விட்டு நல்லா தள்ளி எட்டு மீட்டர் ஆழம் பாருங்க. அடி பெரும்பாலும் மணலும் சேறும் தான், ஆனா நம்பாதீங்க, சோதிச்சுப் பாருங்க. எங்க சித்தப்பா ஆழம் பாக்க கயிறுல கட்டி இறக்குற ஈயக்குண்டோட அடியில இருக்குற குழியில துணி சோப்பை அழுத்தி வச்சு இறக்குவார், மேல வரும்போது அதுல ஒட்டியிருக்குறதை விரல்ல உருட்டிப் பாப்பார். நரநரன்னு இருந்தா மணல், வழுவழுன்னு நாத்தம் அடிச்சா சேறு, ஒண்ணுமே ஒட்டலைன்னா கல்லு, வேற இடம் போடான்னு சொல்லுவார். ஆழம் காட்டுற எக்கோ சவுண்டர் மெஷின் இதைச் சொல்லாதுங்க.

செயினை கஞ்சத்தனம் பண்ணாம விடுங்க. எட்டு மீட்டர் ஆழம், தண்ணியில இருந்து முன்பக்க டெக் ஒரு மீட்டர்னு வச்சா ஒன்பது, அதுக்கு அஞ்சு மடங்கு நாப்பத்தஞ்சு மீட்டர், காத்து ஏறினா ஏழு மடங்கு. ஓதம், அதாவது கடல் தண்ணி ஏறி இறங்குறது, இங்க ஒரு மீட்டருக்கும் கம்மி தான், அந்தக் கணக்கு உங்களை ஏமாத்தாது. செயின் விட்டதும் எஞ்சினை மெதுவா ரிவர்ஸ்ல வச்சு இழுத்துப் பாருங்க, நாகை லைட்ஹவுஸ், நாகூர் தர்கா பெரிய மினாரா ரெண்டையும் காம்பஸ்ல குறிச்சு வச்சுக்கங்க, அரை மணி கழிச்சு அதே டிகிரி இருக்கான்னு பாருங்க. அந்த மினாரா 131 அடி, கடல்ல இருந்து பளிச்சுன்னு தெரியும்.

உங்களைத் தூங்க விடாதது நங்கூரம் இல்ல, உருட்டல் தான். காத்து ஒரு பக்கம் இழுக்கும், அலை இன்னொரு பக்கம் வந்து விலாவுல அடிக்கும், சமையல்கட்டுல இருக்குற பாத்திரமெல்லாம் நடுராத்திரி கச்சேரி பண்ணும். அதுக்கு ஒரு வழி இருக்கு, பின்பக்கத்துல இருந்து ஒரு நைலான் கயிறை கொண்டு வந்து நங்கூரச் செயின்ல கட்டிட்டு இன்னும் கொஞ்சம் செயின் விடுங்க, அந்தக் கயிறை இழுக்க இழுக்க படகு திரும்பி மூக்கு அலைக்கு நேரா வந்துடும். இது தெரிஞ்சவன் தூங்குவான்.

ராத்திரி நங்கூர லைட் கட்டாயம், வெள்ளை, நாலாபக்கமும் தெரியணும். விடியக்காலம் மூணு நாலு மணிக்கு ஃபைபர் போட்டு வரிசையா கிளம்பும், எல்லாத்துலயும் லைட் இருக்கும்னு எதிர்பாக்காதீங்க. வலை விட்டிருக்குற இடத்துல போய் போட்டுட்டீங்கன்னா அப்புறம் பஞ்சாயத்து தான், அதனால சாயங்காலமே யாராவது போட்டுக்காரரைக் கூப்பிட்டு "அண்ணே இங்க வலை வருமா"ன்னு கேட்டுடுங்க.

பாண்டிச்சேரியில இருந்து வர்ற இந்தியக் கொடி யாட்டுன்னா இமிகிரேஷன் இல்ல, ஆனாலும் துறைமுக ஆபீஸ், மரைன் போலீஸ் ரெண்டு பேருக்கும் முன்னாடியே சொல்லுங்க, இலங்கை கிட்ட இருக்குற கடல், தெரியாத படகு நின்னா வந்து ஏறுவாங்க. வெளிநாட்டு யாட்டுன்னா முதல்ல கஸ்டம்ஸ், இமிகிரேஷன் முடிச்சுட்டு தான் மத்ததெல்லாம். பர்மிஷன் இல்லாத சாட்டிலைட் போன் படகுல இருந்தா பெரிய சிக்கல், இறக்கி வச்சுட்டு வாங்க. விஎச்எஃப் ரேடியோவுல சேனல் 16 திறந்தே இருக்கட்டும், கோஸ்ட் கார்டு நம்பர் 1554.

கரைக்கு வர்ற விஷயத்துல யாட்ல வச்சிருக்குற சின்ன ரப்பர் படகு, அந்த டிங்கியை மறந்துடுங்க, கரை அலையில கவுத்துடும், மோட்டாரும் போயிடும். ஃபைபர்காரங்க ஆத்து வழியா கொண்டு வந்து இறக்கி விடுவாங்க. ஆனா யாட்ல எப்பவும் ஒருத்தர் இருக்கணும், எல்லாரும் சேர்ந்து வேளாங்கண்ணிக்குப் போயிடாதீங்க. போக வர டீசல் காசு, கூலி எல்லாம் ஏறுறதுக்கு முன்னாடியே பேசிடுங்க, கரையில இறங்கி நின்னுகிட்டு பேசினா ரேட்டே வேற.