கிட் வாங்குறதுக்கு முன்னாடி தராசு வாங்குங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ரிமோட் விமானத்தைப் பத்தி நாலு வரி எழுதினேன், அதுக்கு வந்த கேள்விகளே இந்தப் பக்கத்துக்குப் போதும்னு ஆயிடுச்சு. மத்த கேள்வி அனுப்பினவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்குங்க.

கேள்வி: அண்ணே, எங்க தாத்தா பிரிட்டிஷ்காரங்க காலத்துல சிலேத்தார் விமானப்படைத் தளத்துல ஸ்டோர்ல வேலை பார்த்தவரு. ஸ்பிட்ஃபயர் போர் விமானம் கிளம்புற சத்தத்தை வாயாலயே செஞ்சு காட்டுவாரு, அதைக் கேட்டே வளர்ந்தேன். எனக்கு இப்ப 41 வயசு, நாலு வருஷமா ஃபோம் விமானம் ஓட்டுறேன். மரக் கிட் வாங்கி பெருசா ஒரு ஸ்பிட்ஃபயர் கட்டணும். அஞ்சுல ஒரு பங்கு சைஸ்ல ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன், இறக்கை 88 அங்குலம், பெட்ரோல் இன்ஜின். வாங்கிடவா? (ஈசூன் வாசகர்)

பதில்: தம்பி, இன்னும் காசு கட்டலைன்னா கொஞ்சம் நிறுத்திக்குங்க. ஆசை ரொம்ப நல்ல ஆசை, சைஸ்தான் இடிக்குது. நிஜ ஸ்பிட்ஃபயர் இறக்கை 36 அடி 10 அங்குலம், அதாவது 11.23 மீட்டர், அதுல அஞ்சுல ஒண்ணுன்னா 2.25 மீட்டர், உங்க 88 அங்குலம் கணக்கு சரியா வருது. ஆனா அந்த சைஸ்ல பெட்ரோல் இன்ஜின், உள்ள மடங்குற சக்கரம், இறக்கை, வால் பகுதிகளை அசைக்கிற சர்வோ மோட்டார் எல்லாம் ஏத்தி பெயிண்ட் அடிச்சு முடிச்சா எட்டு கிலோவுக்குக் கீழ நிக்கிறது ரொம்ப கஷ்டம், பத்து கிலோ வரைக்கும் கூட போகும்.

நம்ம சிங்கப்பூர்ல விதி எல்லாம் எடையை வெச்சுதான் போகுது. 250 கிராமுக்கு மேல இருந்தா சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துல பதிவு பண்ணணும், பதிவு பண்றவருக்கு 16 வயசு ஆகியிருக்கணும், 1.5 கிலோவுக்கு மேல போனா அடிப்படைப் பயிற்சி முடிச்ச சான்றிதழ் வேணும், 7 கிலோவைத் தாண்டினா பொழுதுபோக்குக்கு ஓட்டினாலும் பைலட் லைசென்ஸ், ஆபரேட்டர் பெர்மிட், பறக்கறதுக்கு தனி பெர்மிட்னு வேற உலகத்துக்குப் போயிடுவீங்க. அதுவும் வெறும் விமானத்தோட எடை இல்ல, பேட்டரி, எண்ணெய் எல்லாம் சேர்த்து கிளம்புற நேரத்துல என்ன எடையோ அது. இது போக விமான நிலையம், படைத் தளம் இதுங்கள்ல இருந்து 5 கிலோமீட்டருக்குள்ளயோ 200 அடி உயரத்துக்கு மேலயோ பறக்கணும்னா எடை என்னவா இருந்தாலும் பெர்மிட் வாங்கணும். சாங்கி, பாய லேபார், சிலேத்தார், தெங்கா, செம்பவாங் அஞ்சையும் சுத்தி மேப்ல வட்டம் போட்டுப் பாருங்க, தீவுல மீதி எவ்வளவு இருக்குன்னு தெரியும். அதனால எங்க பறக்கப் போறோம்ங்கிறதை முடிவு பண்ணிட்டு அப்புறமா கிட் தேடுங்க, வாங்குற அன்னிக்கு விதி என்னன்னு ஆணையத்தோட பக்கத்துலயும் ஒரு தடவை பார்த்துக்குங்க.

நான் சொல்றது ஆறுல ஒரு பங்கு. இறக்கை 1.87 மீட்டர், ஏறக்குறைய 74 அங்குலம், எலக்ட்ரிக் மோட்டார் போட்டு ஒழுங்கா கட்டினா 5 கிலோ கிட்ட முடியும். வெறும் 14 அங்குலம்தானே வித்தியாசம்னு தோணும், ஆனா நீளம், அகலம், உயரம் மூணும் சேர்ந்து வளர்றதால எடை ஏறக்குறைய 1.73 மடங்கா ஏறும், இங்க 5 கிலோவா இருக்கறது அங்க 8.6. பெட்ரோலை வேற வீவக வீட்டுக்குள்ள வெச்சுக்காதீங்க, அதை நான் யாருக்கும் சிபாரிசு பண்ண மாட்டேன்.

எந்த ஸ்பிட்ஃபயர்னு நீங்க சொல்லல. தாத்தாவுக்காகன்னா பிஆர் 19ங்கிற வகையைக் கட்டுங்க தம்பி. பிரிட்டிஷ் விமானப்படையோட கடைசி ஸ்பிட்ஃபயர் படைப் பணி நடந்ததே சிலேத்தார்ல இருந்துதான், 1954 ஏப்ரல் 1, 81ஆவது ஸ்குவாட்ரன், பிஎஸ் 888ங்கிற விமானம், ஜொகூர் காட்டுக்கு மேல போட்டோ எடுக்கப் போச்சு. தாத்தா அந்த வருஷம் அங்க வேலையில இருந்தாரான்னு வீட்டுல கேட்டுப் பாருங்க, இருந்திருந்தா அதே விமானத்தைக் கண்ணால பார்த்திருக்கலாம். இதுல கட்டறவனுக்கும் நல்லது உண்டு. பழைய மெர்லின் இன்ஜின் ஸ்பிட்ஃபயருக்கு மூக்கு குட்டை, மாடல்ல அதை பேலன்ஸ் பண்ண மூக்குல ஈயத்தை அள்ளி வைக்கணும். பிஆர் 19ல கிரிஃபான் இன்ஜின், மூக்கு நீளம், அதனால பேட்டரியை முன்னாடி தள்ளி வெச்சே பாதி பேலன்ஸ் கிடைச்சிடும். போட்டோ எடுக்கிற விமானம்ங்கறதால துப்பாக்கி எதுவும் கிடையாது, இறக்கையில அந்த வேலையும் மிச்சம். அஞ்சு இதழ் ப்ரொப்பெல்லரை மட்டும் காட்சிக்கு வெச்சுட்டு பறக்க ரெண்டு இதழ் போடுங்க.

இப்ப தராசு. கிட் பெட்டி வந்ததும் பசையைத் திறக்காதீங்க, சமையல் தராசு ஒண்ணை வெச்சுக்கிட்டு பால்சாங்கிற அந்த லேசான மரத்தோட ஒவ்வொரு தகடையும் எடை போட்டு பென்சில்ல அது மேலயே எழுதுங்க. 3 அங்குல அகலம், 36 அங்குல நீளம், 3 மில்லிமீட்டர் தடிமன், பார்க்க அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கும் ரெண்டு தகடு, ஒண்ணு 20 கிராம் இருக்கும், இன்னொண்ணு 50 கிராம் தாண்டும். மரம் அப்படித்தான். லேசானது எல்லாம் வாலுக்கு, கனமானது மூக்குக்கும் நடு பாடிக்கும். ஏன்னா பேலன்ஸ் புள்ளியில இருந்து வால் தூரம், மூக்கு கிட்ட, வால்ல ஒரு கிராம் கூடினா மூக்குல ஏறக்குறைய மூணு கிராம் வைக்கணும், இப்படித்தான் 5 கிலோ விமானம் யாருக்கும் தெரியாம 6 கிலோ ஆகுது. அப்புறம் தகடை லைட் பக்கம் சாய்ச்சுப் பாருங்க, மீன் செதில் மாதிரி புள்ளி புள்ளியா மினுங்கினா அது விறைப்பான மரம், வளைச்சா உடையும், ரிப்புக்கு, அதாவது இறக்கைக்குள்ள இருக்கிற குறுக்கு எலும்புக்கு, அதுதான் சரி. நீளக் கோடா ஓடுறது விரல்ல அழுத்தினா வளையும், அதை இறக்கையோட முன் விளிம்பைச் சுத்திப் போர்த்துறதுக்கு எடுத்து வைங்க. ரெண்டு இறக்கைக்கும் ஒரே எடைத் தகடா ஜோடி சேர்க்கணும், இந்த வேலைக்கே ஒரு சனிக்கிழமை போயிடும், போகட்டும்.

நான் பண்ணின தப்பையும் சொல்லிடறேன். ஸ்பிட்ஃபயர் இறக்கை அடியில இருந்து நுனிக்குப் போகப் போக ரெண்டரை டிகிரி கீழ முறுக்கி இருக்கும், வாஷவுட்னு சொல்வாங்க. வேகம் குறையும்போது நுனி முதல்ல காத்தை விட்டுடாம இருக்கறதுக்குத்தான் அது. பிளான்படி ரிப்புக்குக் கீழ இருக்கிற குட்டிக் கால்கள் பலகையில நின்னா முறுக்கு தானா வரும், ஆனா மேல் தகடும் ஒட்டிக் காயற வரைக்கும் இறக்கையைப் பலகையில இருந்து எடுக்கவே கூடாது, ரெண்டு பக்கமும் மூடின பிறகுதான் அது பெட்டி மாதிரி இறுகும். நான் அவசரப்பட்டு ராத்திரியே எடுத்து சோபா மேல சாய்ச்சு வெச்சேன். அன்னிக்கு மழை. காலையில இடது நுனி மேல முறுக்கிக்கிட்டு நின்னுச்சு, பெயிண்ட் அடிச்சா சரியாயிடும்னு என்னை நானே ஏமாத்திக்கிட்டேன், எட்டு மாசம் கட்டினது மூணாவது பறப்புல தரையிறங்கும்போது இடது பக்கம் டக்குனு கவுந்து மூக்கு குத்தி நின்னுச்சு. முறுக்கின இறக்கைய வெட்டி எறிஞ்சிட்டு புதுசா கட்டியிருந்தா ரெண்டு வாரத்துல முடிஞ்சிருக்கும்.

நம்ம ஊர் காத்து விடியற்காலையில 90 சதவீத ஈரப்பதத்துக்கு மேல இருக்கும், மழை இல்லாத நாள் மத்தியானம் 60 கிட்ட இறங்கும், பால்சா இதை எல்லாம் பஞ்சு மாதிரி இழுத்து இழுத்து விடும். அதனால தகடுகளை கட்டப்போற ரூம்லயே ஒரு வாரம் பரப்பி வைங்க, ரெண்டு இறக்கையையும் அடுத்தடுத்து கட்டுங்க, கட்டி முடிச்சதும் சும்மா போட்டு வைக்காம மெல்லிய ஃபைபர்கிளாஸ் துணி, சதுர மீட்டருக்கு 25 கிராம் எடை உள்ளது, எபாக்சிங்கிற ரெண்டு பாகம் கலக்குற பசையைத் தடவி மேல கீழ ரெண்டு பக்கமும் அதே வாரத்துல மூடிடுங்க. ஒரு பக்கம் மட்டும் மூடினா வளையும். எபாக்சியை ஊத்தி தடவினதும் பழைய ஏடிஎம் கார்டு மாதிரி ஒண்ணை வெச்சு வழிச்சு எடுங்க, துணியோட நெசவு கண்ணுக்குத் தெரியணும், பளபளன்னு இருந்தா பசை அதிகம்னு அர்த்தம்.

கேள்வி: வணக்கம் சார். என் கணவர் ஹால்ல பால்சா விமானம் கட்டறார். நாலு அறை வீடு. அவர் சந்தோஷமா இருக்கறது எனக்கும் சந்தோஷம்தான், ஆனா தேய்க்கிற தூசி எல்லா இடத்துலயும் இருக்கு, பசை வாடை கண்ணு எரியுது, பையனுக்கு ஆஸ்துமா. சொன்னா வெறும் மரத்தூள்தானேங்கறார். (பொங்கோல் வாசகி)

பதில்: வெறும் மரத்தூள் இல்லம்மா, இந்த பதிலை அவர்கிட்ட காட்டுங்க. பால்சா தூசி ரொம்ப சன்னம், காத்துல மிதக்கும், ஃபேன் போட்டா படுக்கை வரைக்கும் போகும், ஆஸ்துமா இருக்கிற பிள்ளை வீட்டுல இருக்கும்போது ஹால்ல தேய்க்கவே கூடாது. சர்வீஸ் யார்ட்ல கதவை சாத்திக்கிட்டு, முகத்துல மாஸ்க் போட்டுக்கிட்டு, வேக்குவம் குழாயைத் தேய்க்கிற கட்டைக்குப் பக்கத்துல பிடிச்சுக்கிட்டு தேய்க்கட்டும், பையன் பள்ளிக்கூடத்துல இருக்கிற நேரமா பார்த்து.

கண்ணு எரியறது சிஏ பசை, உடனே ஒட்டுமே அது. அந்த ஆவி மூச்சுக்குழாயை உறுத்தும். பால்சாவுக்கு மஞ்சள் மரப்பசையே தாராளமா போதும், வாடை இல்ல, காய நேரம் ஆகும் அவ்வளவுதான், காய்ஞ்சப்புறம் தேய்க்கவும் சுலபம். இன்ஜின் பலகை மாதிரி இழுவை வர்ற இடத்துக்கு மெதுவா காயற எபாக்சி, அதுக்கு கண்டிப்பா கையுறை, ஏன்னா எபாக்சி அலர்ஜி ஒரு தடவை வந்துட்டா விடாது. ஸ்ப்ரே பெயிண்ட் வீட்டுக்குள்ளயும் வேண்டாம், காரிடார்லயும் வேண்டாம்.

நீங்க கேட்கல, ஆனா எனக்கு இதுதான் பெரிய கவலை. விமானத்துக்குப் போடுற லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை ராத்திரி சார்ஜ்ல போட்டுட்டு தூங்கறாரான்னு பாருங்க. ஆள் பக்கத்துல இருக்கும்போது மட்டும்தான் சார்ஜ், பறக்காத நாள்ல செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுல நிறுத்தி வைக்கணும், உப்பின பேட்டரியை ஒரு நாள் கூட வீட்டுல வைக்கக் கூடாது, வாசக் கதவுக்குப் பக்கத்துல எதையும் சார்ஜ் போடக் கூடாது, தீ புடிச்சா வெளிய போற வழி அதுதான்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயசு, ரிமோட் விமானம் தொட்டதே இல்ல, முதல்லயே முஸ்டாங் மரக் கிட் வேணும்னு அடம். வாங்கிக் கொடுக்கலாமா? (தெம்பனீஸ் வாசகர்)

பதில்: கட்டறதுக்கு வாங்கிக் கொடுங்க, பறக்கவிட வேண்டாம். போர் விமான மாடல் வேகம் குறைஞ்சா மன்னிக்காது, வால் சக்கரம் வேற, புல்லுல ஓடும்போதே சுத்திக்கும். கம்ப்யூட்டர் சிமுலேட்டர்ல ஒரு மாசம், அப்புறம் மேல் இறக்கை வெச்ச ஃபோம் ட்ரெய்னர், அதாவது பழகுறதுக்கான விமானம், பக்கத்துல அனுபவசாலி ஒருத்தர் இன்னொரு ரிமோட்டோட நிக்கணும். 16 ஆகிறதுக்குள்ள ஓட்டக் கத்துக்கிட்டா, முஸ்டாங் கிட்டைக் கட்டறதும் அதுக்குள்ள முடிஞ்சிருக்கும்.

கேள்வி: அப்பா போன வருஷம் தவறிட்டாங்க. பாம் ஷெல்டரை ஒதுக்கும்போது பெரிய பெட்டி ஒண்ணு கிடைச்சுது, பாதி கட்டின மர விமானம், பிளான் பேப்பர், ஒரு இறக்கை முழுசா, இன்னொண்ணு வெறும் எலும்புக்கூடு. 20 வருஷம் இருக்கும். இதை முடிக்க முடியுமா, இல்ல தூக்கிப் போட்டுடணுமா? எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. (பிடோக் வாசகி)

பதில்: தூக்கிப் போடாதீங்கம்மா. ஈரம் படாம இருந்தா பால்சா 20 வருஷத்துல ஒண்ணும் ஆகாது. பாம் ஷெல்டர்ல காத்தோட்டம் கம்மி, அதனால கறுப்பா பூஞ்சை புள்ளி இருக்கா, கரையான் துளை இருக்கா, பெட்டி அடியில தூள் கொட்டியிருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லேன்னா, ஒவ்வொரு இணைப்பா ரெண்டு விரல்ல பிடிச்சு லேசா அசைச்சுப் பாருங்க. பழைய சிஏ பசை கண்ணாடி மாதிரி உடையும், டிக்னு சத்தம் வந்தா அந்த இடத்துல மஞ்சள் பசை புதுசா விடணும். மஞ்சளா தெரியற இணைப்புன்னா பெரும்பாலும் இன்னும் உறுதியாவே இருக்கும். உள்ள பேட்டரி, பழைய ரிசீவர் ஏதாவது இருந்தா மட்டும் எடுத்துடுங்க, பழைய பேட்டரி கசிஞ்சு வயரை அரிச்சிருக்கும், அதை மின்கழிவு சேகரிக்கிற பெட்டியில போடணும், சாதாரண குப்பையில வேண்டாம்.

பிளான் பேப்பரை பத்திரமா வைங்க. அதுல ஓரத்துல பென்சில்ல எண்ணு எழுதியிருந்தா அது அப்பா போட்ட எடைக் கணக்கா இருக்கும், ரெண்டாவது இறக்கைக்கு எந்த மரம்னு அவரே சொல்லி வெச்ச மாதிரி. முடிஞ்ச இறக்கைய சாப்பாட்டு மேசை மேல வெச்சு, பின்னாடி நின்னு ஒத்தக் கண்ணால நீளவாக்குல பாருங்க, நுனி எந்தப் பக்கம் முறுக்கியிருக்குன்னு தெரியும். அதையும் பெட்டி மேல இருக்கிற பேரையும் ஒரு போட்டோ எடுத்து பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்க, அடுத்து என்ன செய்யணும்னு அதைப் பார்த்துட்டு எழுதறேன்.