கேள்வி – பதில்: பைத்தியம் என்று யார் சொல்வது?

கேள்வி: கென் கீசியின் ‘ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்’ (1962) நாவலைப் படித்தேன். மனநோயே கிடையாது, எல்லாம் சமூகம் குத்தும் முத்திரைதான் என்கிறாரா?
– வாசகி, ஈரோடு

இல்லை. கதை நடப்பது ஒரு மனநல மருத்துவமனை வார்டில். அதைச் சொல்லும் நோயாளி புரோம்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவருக்குள் இயந்திரங்கள் ஓடுவதாகவும், யாரோ வார்டு முழுக்கப் பனிமூட்டம் கிளப்பிவிடுவதாகவும் அவருக்குத் தெரிகிறது. அந்த அவதி நிஜம். ஆனால் அங்கே நடப்பதை அவரளவுக்குக் கூர்மையாகப் பார்ப்பவரும் இல்லை. காது கேளாதவர், பேச வராதவர் என்று நம்பி ஊழியர்கள் அவர் எதிரிலேயே எல்லாம் பேசிவிடுகிறார்கள். நோயும் தெளிவும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்பதுதான் இந்த நாவலின் அஸ்திவாரம். 1975-இல் வந்த படத்தில் கதையை அவர் சொல்வதில்லை. படம் மட்டும் பார்த்தவர்களுக்கு இது பிடிபடாது.

பேஸ்பால் வாக்கெடுப்பை இன்னொரு முறை படியுங்கள். ஆட்டத்தை டிவியில் பார்க்க 20 பேர் கை தூக்குகிறார்கள். வார்டில் 40 பேர், பெரும்பான்மை இல்லை என்கிறார் வார்டின் தலைமை நர்ஸ் ராட்செட். என்ன கேட்கிறார்கள் என்றே புரியாத நாள்பட்ட நோயாளிகளும் அந்தக் கணக்கில் அடக்கம். 21-ஆவது கையாகப் புரோம்டனுடையது உயர்கிறது. கூட்டம் முடிந்துவிட்டது என்று அதையும் தள்ளிவிடுகிறார். ஆட்ட நேரத்தில் டிவியை அணைத்தும்விடுகிறார். வாக்கெடுப்பு கேட்ட நோயாளி மெக்மர்ஃபி வெறும் திரை முன்னால் உட்கார, ஒவ்வொருவராக மற்றவர்களும் வந்து உட்காருகிறார்கள். பின்னால் நின்று நர்ஸ் கத்துகிறார். அந்த நேரத்தில் யாராவது உள்ளே வந்தால் அத்தனை பேரையும் பைத்தியம் என்றுதான் நினைப்பார்கள். வாக்கெடுப்பு தெரிந்தவருக்கோ அந்த வார்டில் நடந்ததிலேயே நிதானமான காரியம் அதுதான். முன்கதை கேட்காமல் நடத்தையை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்கக் கூடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய பக்கங்கள் அரிது.

கேள்வி: ஷாக் ட்ரீட்மென்ட் (மூளைக்கு மின்சாரம் செலுத்தும் சிகிச்சை) இன்றும் அந்த நாவலில் வருவதுபோலத்தானா?
– வாசகர், திண்டுக்கல்

நாவலில் அது தண்டனை. மயக்க மருந்து கிடையாது. மன்னிப்புக் கேட்டால் தப்பலாம். அந்தப் பயத்தோடு இன்றைய சிகிச்சையை மறுத்துவிடாதீர்கள். மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் இல்லாமல் ஷாக் வைப்பதை இந்தியாவில் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. தற்கொலை எண்ணம் முற்றிய மனச்சோர்வு, சாப்பாட்டையே விட்டுவிடும் நிலை போன்றவற்றுக்கு வாரம் 2, 3 முறை, மொத்தம் 6 முதல் 12 முறை வரை கொடுப்பது வழக்கம். சிகிச்சை நாளன்று வெறும் வயிறு அவசியம். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. தலைவலி வரலாம். சிகிச்சைக் காலத்தை ஒட்டிய நினைவுகள் சில தவறிப்போகலாம். இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: மனநல மருத்துவமனையில் தானாகப் போய்ச் சேர்ந்தவர் கேட்டால் வெளியே விடுவார்களா?
– வாசகி, கரூர்

விட வேண்டும். உயிருக்கு ஆபத்து போன்ற காரணம் இருந்தால், மதிப்பீடு செய்ய 24 மணி நேரம் வரை நிறுத்திவைக்கலாம். அதே 2017 சட்டத்தின் 3-ஆம் பிரிவையும் படித்துவையுங்கள்: ஊர் வழக்கத்துக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துவராதவர் என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது. முன்பு சிகிச்சை எடுத்தார் என்பதும் தனிக் காரணமாகாது.