எழுத்துக்குள் படம்: வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் அழைப்பிதழ் வடிவமைப்பைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. எழுத்துக்குள் போட்டோ தெரிய வேண்டும், அவ்வளவுதான். சரி, இந்த மாதம் முழுக்க அதற்கே.

கேள்வி: நாங்கள் முன்னாள் மாணவிகள் சேர்ந்து ஒரு மலர் கொண்டுவருகிறோம். அட்டையில் 'வைகை' என்று பெரிதாகப் போட்டு, அதற்குள் வைகை அணையின் படம் தெரிய வேண்டும். போட்டோஷாப்பில் டைப் மாஸ்க் டூலால் எழுதி, படத்தை வெட்டி ஒட்டினேன். இப்போது எழுத்தைப் பெரிதாக்கவோ ஃபான்ட்டை மாற்றவோ முடியவில்லை. வேறு வழி இருக்கிறதா சார்? (ஆண்டிப்பட்டி வாசகி)

இருக்கிறது, இதைவிடச் சுலபமானதும்கூட. டைப் மாஸ்க் டூல் எழுத்தின் வடிவத்தில் ஒரு செலக்‌ஷனை மட்டும்தான் தரும். வெட்டிய பிறகு அது எழுத்து இல்லை, எழுத்து வடிவத்தில் இருக்கும் போட்டோத் துண்டு. எங்கள் கடைக்கு வேலைக்கு வரும் பையன்களிடம் முதல் வாரமே அந்த டூலை மறந்துவிடச் சொல்லிவிடுவேன்.

சாதாரண டைப் டூலை எடுத்து 'வைகை' என்று எழுதுங்கள். என்ன நிறமானாலும் பரவாயில்லை, எப்படியும் மறையப்போகிறது. ஃபைல் மெனுவில் பிளேஸ் எம்பெடட் கொடுத்து அணைப் படத்தைக் கொண்டுவாருங்கள். லேயர் பேனலில், அதாவது படமும் எழுத்தும் தனித்தனி அடுக்காகத் தெரியும் பட்டியலில், படம் மேலே, எழுத்து கீழே இருக்க வேண்டும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு இரண்டு லேயருக்கும் நடுவிலுள்ள கோட்டின் மேல் மவுஸைக் கொண்டுபோனால், கர்சர் கீழ்நோக்கி மடங்கிய அம்புக்குறியாக மாறும். அங்கே ஒரு கிளிக். படம் எழுத்துக்குள் போய்விடும். கன்ட்ரோல், ஆல்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் இதேதான். இதற்குப் பெயர் கிளிப்பிங் மாஸ்க். எழுத்து எழுத்தாகவே இருக்கும். ஃபான்ட்டை மாற்றலாம், 'வைகை'யை 'வைகைக் கரை' ஆக்கலாம். மூவ் டூலால் படத்தை மட்டும் எழுத்துக்குள்ளே நகர்த்திப் பார்க்கலாம். படத்தை நேரடியாகத் திறந்து அதன் மேலேயே எழுதியிருந்தால், அது பேக்கிரவுண்டு லேயராகப் பூட்டிக் கிடக்கும். அதை டபுள் கிளிக் செய்து சாதாரண லேயராக்கிய பிறகுதான் எழுத்துக்கு மேலே ஏற்ற முடியும்.

இது ஒரு நிமிட வேலை. மீதி நேரமெல்லாம் எங்கே போகும் என்பதைச் சொல்கிறேன், அதுதான் உங்களுக்கு முக்கியம்.

இணையத்தில் இதைச் சொல்லித்தரும் வீடியோக்களில் பெரும்பாலும் ஆங்கிலப் பெரிய எழுத்துகள்தான். அவை சுவர் மாதிரி தடித்து நிற்கும், உள்ளே எந்தப் படத்தை வைத்தாலும் தெரியும். நம் எழுத்து வளைந்து ஓடும் கோடு, அதன் வயிற்றில் பாதி வெற்றிடம். உங்கள் சொல்லையே பாருங்கள். ஐகாரக் கொம்பு, வ, மறுபடி கொம்பு, க. புள்ளி கிடையாது, நான்குமே அகலமான வடிவங்கள். அந்த வகையில் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஆனால் வழக்கமான செய்தித்தாள் ஃபான்ட்டில் போட்டால் அணை, தண்ணீர், மரம் எல்லாம் நூல் நூலாகத்தான் தெரியும். கிடைப்பதிலேயே தடிமனான ஃபான்ட்டை எடுங்கள். அனெக் தமிழில் எக்ஸ்ட்ரா போல்டு இருக்கிறது, அகலத்தையும் கூட்டலாம். கேட்டமரான் ஃபான்ட்டில் 900 வரை தடிமன் உண்டு. இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். மலர் அட்டைக்கு என்றால் நான் அனெக்கைத்தான் எடுப்பேன், அகலப்படுத்தினால் அட்டையின் குறுக்கே நன்றாக உட்காரும்.

அதுவும் போதவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. எழுத்து லேயருக்கு எஃப்எக்ஸ் மெனுவில் ஸ்ட்ரோக், அதாவது எழுத்தைச் சுற்றி ஒரு கோடு, கொடுத்து, எழுத்தின் நிறத்திலேயே வெளிப்பக்கமாக 15 பிக்சல் தடிக்க விடுங்கள். ஆனால் ஸ்ட்ரோக்குக்குள் படம் போகாது. அதனால் அந்த லேயரை ரைட் கிளிக் செய்து ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக மாற்றிவிட்டு, அதன் மேல் படத்தைக் கிளிப் செய்யுங்கள். இப்போது தடித்த பகுதியும் சேர்ந்து படமாகிவிடும். எழுத்தைத் திருத்த ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டின் சிறுபடத்தை டபுள் கிளிக் செய்தால் போதும். கொம்பின் சுழிக்குள் இருக்கும் ஓட்டை அடைபடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அது அடைந்தால் எழுத்தைப் படிக்க முடியாது.

அடுத்தது படம். அணைப் படம் என்றால் பெரும்பாலும் மேல் பாதி வெளிர் வானம், நடுவில் நீளமாகச் சுவர், கீழே தண்ணீர். இதை அப்படியே வெள்ளை அட்டையில் வைத்தால் எழுத்தின் தலைப்பகுதி வெள்ளையோடு கரைந்து, எல்லா எழுத்துக்கும் மொட்டை அடித்ததுபோல் ஆகிவிடும். வானம் எழுத்துக்கு வெளியே போகும்படி படத்தை மேலே நகர்த்துங்கள். ஷட்டர் திறந்து தண்ணீர் பாயும் நாளில் எடுத்த படம் இருந்தால் இன்னும் நல்லது. எழுத்துக்குள் நன்றாகத் தெரிவது விளிம்புவரை விவரம் நிறைந்த படம்: நுரை, கல், இலை, ஜனக்கூட்டம். வானம் வேண்டும் என்று குழுவில் யாராவது பிடிவாதம் பிடித்தால், படத்தில் இருக்கும் கரும்பச்சையையே ஐட்ராப்பரால் எடுத்து எழுத்து லேயருக்கு 3 பிக்சல் ஸ்ட்ரோக் கொடுங்கள். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சில் அது கால் மில்லிமீட்டர்தான். கண்ணை உறுத்தாது, எழுத்தின் ஓரம் மட்டும் நிற்கும்.

கேள்வி: எழுத்துக்குள் எங்கள் செட் குரூப் போட்டோவை வைக்க ஆசை. 'நண்பர்கள்' என்று போட்டால் பாதிப் பேரின் முகம் காணாமல் போகிறது. நாற்பது பேரும் தெரிய என்ன வழி? (திண்டுக்கல் வாசகர்)

வழி இல்லை. 'நண்பர்கள்' என்ற சொல்லில் மூன்று புள்ளி இருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் யாராவது ஒருவருடைய மூக்கு மட்டும் போய் உட்காரும். அந்த மூக்கு யாருடையது என்று விழாவில் சண்டை வரும்.

குரூப் போட்டோவை ஒரே படமாக எழுத்துக்குள் வைக்காதீர்கள். நீங்கள் படித்து முடித்த வருடத்தை எண்ணில் போடுங்கள். எண்கள் தமிழ் எழுத்தைவிடத் தடிமனாக வரும், நான்கு இலக்கம்தான், புள்ளியும் கிடையாது. ஒவ்வொரு இலக்கத்தையும் தனித்தனி டெக்ஸ்ட் லேயராக எழுதி, ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு படத்தைக் கிளிப் செய்யுங்கள். ஒன்றில் பள்ளிக் கட்டடம், ஒன்றில் விளையாட்டு மைதானம், ஒன்றில் வகுப்பறை என்று வைக்கலாம். குரூப் போட்டோவைக் கீழே முழுசாக, வெட்டாமல் போட்டுவிடுங்கள்.

எழுத்துக்கு ஒரு படம் என்பது கம்ப்யூட்டர் காலத்து யோசனை அல்ல. 1930களிலும் 40களிலும் சிகாகோவில் இருந்த கர்ட் டைக் என்ற நிறுவனம் அமெரிக்க ஊர்களின் பெயரைப் பெரிய தடித்த எழுத்துகளில் போட்டு, ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் அந்த ஊரின் ஒரு காட்சியை வைத்து அஞ்சலட்டைகள் அச்சடித்துத் தள்ளியது. லேயர் வசதி போட்டோஷாப்புக்கு 1994இல், மூன்றாம் பதிப்பில்தான் வந்தது. அந்த அட்டைகளை வரைந்தவர்கள் கையாலும் கத்தரியாலும் செய்தார்கள். அந்த எழுத்துகளின் தடிமனையும் பக்கவாட்டில் கொடுத்திருக்கும் நிழலையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். எவ்வளவு தடிமன் வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

கேள்வி: எங்கள் ஊர் டிடிபி கடையில் கோரல்ட்ரா மட்டும்தான். அதில் இதைச் செய்ய முடியாது என்கிறார்கள். உண்மையா? (பரமக்குடி வாசகர்)

முடியும் என்று அவரிடம் சொல்லுங்கள். வேலையைத் தட்டிக்கழிக்கிறார். கோரலில் பவர் கிளிப் என்றே ஒரு வசதி இருக்கிறது. படத்தைத் தேர்ந்தெடுத்து, ஆப்ஜெக்ட் மெனுவில் பவர் கிளிப்புக்குப் போய் பிளேஸ் இன்சைடு ஃபிரேம் கொடுத்தால் தடித்த அம்புக்குறி ஒன்று வரும். அதை எழுத்தின் மேல் வைத்துக் கிளிக் செய்ய வேண்டும், முடிந்தது.

ஒரே ஒரு எச்சரிக்கை. எழுத்தை கன்ட்ரோல் கியூ போட்டு கர்வ், அதாவது வெறும் வடிவம், ஆக்கிய பிறகு, பழக்க தோஷத்தில் கன்ட்ரோல் கே போட்டு உடைத்துவிட்டால் க, வ போன்ற எழுத்துகளின் நடு ஓட்டை தனி வடிவமாகப் பிரிந்து அடைபட்டுவிடும். அப்படி ஆனால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் எல் போட்டால் மறுபடி ஒன்றாகி ஓட்டை திறக்கும்.

கேள்வி: கிம்ப் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். எழுத்தில் ஆல்பா டு செலக்‌ஷன் கொடுத்து, போட்டோவில் லேயர் மாஸ்க் போட்டேன். சரியாக வந்தது. ஆனால் படத்தை நகர்த்தினால் எழுத்தும் சேர்ந்து நகர்கிறது. (காரைக்குடி ஆசிரியை)

கிம்ப்பில் மாஸ்க் லேயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால்தான் அப்படி. பழைய பாடங்கள் எல்லாம் நீங்கள் சொன்ன வழியைத்தான் சொல்கின்றன. 2018இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து நல்ல வழி ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஒரு லேயர் குரூப் உருவாக்குங்கள். அதற்குள் கீழே எழுத்து, மேலே படம். படத்தின் லேயரை ரைட் கிளிக் செய்து, காம்போசிட் மோடில் கிளிப் டு பேக்டிராப் என்பதைத் தேர்ந்தெடுங்கள். போட்டோஷாப்பின் கிளிப்பிங் மாஸ்க் செய்யும் வேலையை இது செய்துவிடும். படம் தனியாக நகரும், எழுத்தையும் திருத்தலாம். குரூப்புக்குள் வைக்க மறந்தால் கீழே உள்ள வெள்ளைப் பின்னணியையும் சேர்த்துக் கணக்கில் எடுத்துக்கொண்டு படம் முழுசாகவே தெரியும். அப்போது கிம்ப்பைத் திட்டாதீர்கள்.

கேள்வி: போட்டோஷாப்பில் 'கொடி' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம் என்று வருகிறது. (விருதுநகர் வாசகர்)

பிரிஃபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய், உங்கள் பதிப்பில் மிடில் ஈஸ்டர்ன் அண்டு சவுத் ஏசியன் என்ற வரி இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, மென்பொருளை மூடித் திறந்து, புதிதாக எழுதிப் பாருங்கள். மிகப் பழைய பதிப்பு என்றால் அந்த வரியே இருக்காது. அப்போது எழுத்தை மட்டும் இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் யூனிகோடில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜியாகப் பெரிய அளவில் எடுத்து வந்து, அதன் மேல் படத்தைக் கிளிப் செய்யலாம்.

கேள்வி: கம்ப்யூட்டரே இல்லை, போன் மட்டும்தான். முடியுமா? (ஒரு கல்லூரி மாணவர்)

முடியும். ஆண்ட்ராய்டில் பிக்சல்லேப் செயலியில் எழுத்தைத் தட்டி டெக்ஸ்ச்சர் பகுதியில் கேலரியிலிருந்து படத்தைக் கொடுத்தால் போதும். தமிழ் ஃபான்ட்டையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். நான் தேடிய வரை, கேன்வாவில் படம் வைக்கும் எழுத்து ஃபிரேம்கள் ஆங்கிலத்துக்குத்தான் கிடைக்கின்றன. தமிழுக்கு அந்த வழியில் போகாதீர்கள்.

போனில் செய்பவர்கள் சறுக்குவது இன்னோர் இடத்தில். நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை எடுத்து வேலையைத் தொடங்குவார்கள். வாட்ஸ்அப் சாதாரணமாகப் படத்தை நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருக்கிவிடும். ஏ4 அட்டையின் அகலம் முழுக்க 300 டிபிஐயில் அச்சாக ஏறக்குறைய 2480 பிக்சல் வேண்டும். அதிலும் எழுத்துக்குப் பொருந்தும் இடத்தைத் தேடி நாம் படத்தைப் பாதியாக வெட்டிப் பெரிதாக்குகிறோம், அப்போது கையில் மிஞ்சுவது 800 பிக்சல். போன் திரையில் பளபளவென்று தெரியும், அச்சில் கட்டம் கட்டமாக வரும். ஒரிஜினலை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். பிளக்ஸ் என்றால் தூரத்திலிருந்து பார்ப்பது, இத்தனை டிபிஐ தேவையில்லை.

கேள்வி: கடையில் நன்றாக இருந்தது, பிரஸ்ஸில் எழுத்தே மாறிவிட்டது, பச்சையும் மங்கிவிட்டது. (அருப்புக்கோட்டை வாசகர்)

எழுத்து மாறியது, அவர்களிடம் உங்கள் ஃபான்ட் இல்லாததால். ஃபைலின் ஒரு நகலை எடுத்து, அதில் எழுத்து லேயரை ரைட் கிளிக் செய்து ஷேப்பாக மாற்றி அனுப்புங்கள். கிளிப் அப்படியே நிற்கும், ஃபான்ட் தேவைப்படாது. பச்சை மங்கியது, திரையின் ஆர்ஜிபி நிறம் அச்சின் நான்கு மைக்குள் முழுசாக அடங்காததால். அனுப்பும் முன்பே சிஎம்ஒய்கே, அதாவது அந்த நான்கு மை நிறமுறைக்கு, மாற்றிப் பார்த்துவிட்டால், மங்குவதை நீங்களே கண்டு கொஞ்சம் அழுத்தம் கூட்டிவிடலாம்.

ஷேப்பாக மாற்றாத ஒரிஜினலை மட்டும் அழித்துவிடாதீர்கள். புரூஃப் வந்த பிறகுதான் தலைவர் தன் இனிஷியல் விட்டுப்போனதைப் பார்ப்பார்.