குன்னூர் ஏலச் சங்கம் யாரு பக்கம்?

கேள்வி: அண்ணே, எங்களுக்கு கோத்தகிரி பக்கம் ஒண்ணரை ஏக்கர் தேயிலை. பச்சத்தேயிலை வெலை இறங்கறப்பல்லாம் பேக்டரில "குன்னூர் ஏலத்துலயே வெலை இல்ல"ன்னு கைய விரிச்சிடறாங்க. குன்னூர்ல டீ டிரேட் அசோசியேஷன்னு ஒண்ணு இருக்குல்ல, அது எங்களுக்காக பேசக்கூடாதா? பின்ன எதுக்குத்தான் இருக்கு?
- ஒரு சிறு விவசாயி

பதில்: பேசாது தம்பி, அதோட வேலையே அது இல்ல. சங்கம்னாலே நமக்கு கொடி, மனு, கலெக்டர் ஆபீஸ் வாசல் இதுதான் ஞாபகம் வருது, ஆனா இது சந்தை நடத்தற சங்கம். விக்கிற பேக்டரி, வாங்கற வியாபாரி, நடுவுல ஏலம் போடற புரோக்கர், குடோன்காரர்னு அத்தனை பேரும் உள்ள இருக்காங்க, ஒருத்தருக்கு வெலை ஏறணும் இன்னொருத்தருக்கு இறங்கணும், அப்ப அது யாரு பக்கம்தான் பேசும் சொல்லுங்க!

1963ல ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி தென்னாட்டுல டீ ஏலம்னா 1947ல வந்த கொச்சி ஏலம்தான், நம்ம மலைச் சரக்குக்கு மலை இறங்கிப் போய்தான் வெலை தெரியும்.

ஏலத்துக்கு முந்தி நடக்கறதுதான் சுவாரஸ்யம். பேக்டரி சரக்கு குடோனுக்கு வந்ததும் சாம்பிள் எடுத்து புரோக்கர் ஆபீசுக்கும் வாங்கறவங்களுக்கும் போகும். நான் ஒருதடவை அந்த ரூமுக்குள்ள போயிருக்கேன், நீள மேசைல வரிசையா வெள்ளை கப்பு, வெந்த இலைய மூடில கவுத்து வெச்சிருக்காங்க, ஒருத்தர் ஸ்பூன்ல எடுத்து சர்ர்ருனு உறிஞ்சி வாயில உருட்டித் துப்பிட்டு அடுத்த கப்புக்கு நகர்ந்துட்டே இருக்கார், எனக்கு ஒரு வாய் டீ தரமாட்டாங்களானு ஆயிடுச்சு. அப்புறம் லாட் நம்பர் போட்டு வியாழன் இலை ரகம், வெள்ளி டஸ்ட்ங்கற தூள் ரகம் ஏலம் போகும். முன்னல்லாம் சுத்தியல் தட்டினாங்க, இப்ப கம்ப்யூட்டர்.

சாம்பிள் ஒண்ணு சரக்கு வேறயா இருந்தா என்ன பண்றது, வாங்கினவர் எந்த தேதிக்குள்ள பணம் கட்டணும், இந்த மாதிரி ரூலுக்குத்தான் சங்கம். பேரே தெரியாத சின்ன பேக்டரி, மொகமே தெரியாத ஆளுக்கு சரக்க வித்துட்டு தைரியமா இருக்க முடியுதுன்னா இதனாலதான்.

தங்களுக்காக பேசற சங்கம்னா, பெரிய எஸ்டேட்காரங்களுக்கு 1893லேயே உபாசின்னு தென்னிந்திய தோட்டக்காரங்க சங்கம் வந்தாச்சு, அது வேற கதை. சொசைட்டி பேக்டரிங்களுக்கு, அதாவது சிறு விவசாயிங்க கூட்டுறவு பேக்டரிங்களுக்கு, 1965ல வந்த இன்ட்கோசர்வ்ங்கற கூட்டமைப்பு.

உங்க பச்சத்தேயிலை வெலைக்கு நீங்க தட்ட வேண்டிய கதவு மத்திய அரசோட டீ போர்டு. ஏல சராசரிய வெச்சு மாசாமாசம் அவங்கதான் குறைஞ்சபட்ச வெலை அறிவிக்கறாங்க, அதையும் உங்க பில்லையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, குறைஞ்சிருந்தா பில்லோட போய் கேளுங்க.

ஆமா, நீங்க ரெண்டு இலை ஒரு மொட்டுன்னு கையாலதான் பறிக்கறீங்களா, இல்ல கத்திரி போட்டு மூட்டைய ரொப்பறீங்களா? கப்புல அது தெரிஞ்சிடுமாம்.