அரிசி மணி அளவு போதும், கண்ணு

பர்மிங்காமுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, ஒன்றரை வயது மகளுக்கு ஃப்ளோரைடு பற்பசை போடச் சொல்கிறார்கள், தருமபுரியில் பிறந்த எனக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். உன் பயம் எனக்குப் புரியும் கண்ணு. என் அப்புச்சி ஊர் பென்னாகரம் பக்கம். ஃப்ளோரைடு மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த என் மாமன் மக்கள் வாய் திறந்து சிரிக்கவே கூசுவார்கள். பல்லெல்லாம் காவிக் கறை. கடைசிக் காலத்தில் அப்புச்சிக்கு முதுகு வளையவே இல்லை.

அந்தப் பயத்தில்தான் என் மூத்தவனுக்கு ஃப்ளோரைடு இல்லாத பற்பசையாகத் தேடி வாங்கினேன். இரவில் பால் புட்டியோடு தூங்கவும் விட்டேன். நான்கு வயதில் மயக்க மருந்து கொடுத்து, சொத்தையான மூன்று பாற்பற்களைப் பிடுங்கினார்கள். அன்று அவன் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால் சொல்கிறேன், தயங்காமல் போடு.

கணக்கைப் பார். 1000 பிபிஎம் என்று போட்ட பற்பசையில் ஒரு கிராமுக்கு ஒரு மில்லிகிராம் ஃப்ளோரைடு. அரிசி மணி அளவில் ஏறக்குறைய 0.1 மில்லிகிராம்தான், பாப்பா அப்படியே விழுங்கினாலும் அவ்வளவே. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். நம் பக்கத்துக் கிணறுகள் பல அதைத் தாண்டியவை. அதையேதான் நாள் முழுக்கக் குடித்தோம், அதிலேயே சமைத்தோம். பர்மிங்காம் குழாய்த் தண்ணீரிலும் 1964 முதல் ஃப்ளோரைடு சேர்க்கிறார்கள், ஆனால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவில். அதற்குப் பயந்து பாட்டில் தண்ணீர் வாங்க வேண்டாம்.

நாளுக்கு இரண்டு முறை தேய்த்துவிடு, அதில் ஒன்று படுக்கும் முன். மூன்று வயதுக்குப் பிறகு பட்டாணி அளவு. துப்பக் கற்றுக்கொடு, தேய்த்தபின் வாய் கொப்பளிக்க விடாதே, பல்லில் தங்க வேண்டியது கழுவிப்போய்விடும். நம் வழக்கத்துக்கு இது முதலில் ஒட்டாது, பழகிவிடும். டியூபைக் கைக்கு எட்டாத உயரத்தில் வை. இனிப்பாக இருப்பதால் பிள்ளைகள் பிதுக்கித் தின்பார்கள். ஈறுக்குள் நிலைப்பற்கள் உருவாகும் வயது இது, தினமும் தின்றால் அவற்றில் வெள்ளைத் திட்டு விழும். பல் மருத்துவரிடம் இப்போதே பதிவு செய்துவிடு. அங்கத்திய அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸில் 18 வயது வரை இலவசம்.

ஊருக்குப் போகும்போதுதான் கவனம் வேண்டும். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபின் காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. வீட்டில் குடிப்பதும் சமைப்பதும் அதிலா, இன்னும் போர் தண்ணீரிலா என்று உன் அம்மாவிடம் கேட்டுக்கொள். போர் தண்ணீர் என்றால் பாப்பாவின் ராகிக் கஞ்சிக்குக்கூட அதை எடுக்காதே. கொதிக்க வைத்தாலும் ஃப்ளோரைடு போகாது.