அஞ்சு லட்சத்தில மூண்டு மாசம் சுத்தலாமா?

கேள்வி: அக்கா, நான் திருகோணமலையில கம்பஸ் கடைசி வருசம். சேர்த்து வைச்ச 5 லட்சத்தோட 3 மாசம் தாய்லாந்து, வியட்நாம் பேக்பேக் போட்டுட்டு சுத்தப் போறன். காணுமா?

பதில்: தம்பி, காணாது, ஆனா பயணத்தை விட்டுடாதீங்கோ. டோர்ம் கட்டில் (பல பேர் ஒண்டாத் தங்கிற அறையில ஒரு கட்டில்), தெருக்கடைச் சாப்பாடு, நைட் பஸ் எண்டு போனாலும் ஒரு நாளைக்கு 25 டொலர் வையுங்கோ, டொலர் 300 ரூபா எண்டு பார்த்தா 90 நாளுக்கு 6,75,000 போயிடும், அதுவும் டிக்கெட், விசா இல்லாம. 45 நாள் எண்டா 3,37,500, மிச்சத்தில டிக்கெட்டும் இன்சூரன்ஸும் பார்க்கலாம். நாளைக் குறையுங்கோ, வயித்தைக் குறைக்காதீங்கோ, வருத்தம் வந்தா மிச்சம் பிடிச்சதெல்லாம் மருந்துக்குத்தான் போகும்.

வியட்நாம் ஈ-விசா ஒருக்கா உள்ள போக 25 டொலர், 90 நாள் வரைக்கும் தருவாங்கள், வெளியில வந்து திரும்பப் போனா திரும்பவும் காசு கட்டோணும், அதால ரூட்டை ஒரே நேரா போடுங்கோ. தாய்லாந்து ஏடிஎம்ல வெளிநாட்டுக் கார்டு போட்டா ஒவ்வொரு தரமும் 220 பாட் அளவில வெட்டுவாங்கள், சின்னச் சின்னதா எடுக்காம ஒரேயடியா எடுங்கோ. மலிவு பிளேன்ல கைப்பை 7 கிலோதான், வீட்டிலயே நிறுத்துப் பாருங்கோ.

ஒருநாள் உங்கட திருகோணமலை உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் போய் அங்க தங்கியிருக்கிற பேக்பேக் பிள்ளையளோட கதையுங்கோ. நான் கதைச்ச ஒரு பிள்ளை வாளியில உடுப்புத் தோய்ச்சுக்கொண்டே சொன்னா, தேத்தண்ணிக் காசைக் கூட அண்டண்டைக்கு கொப்பியில எழுதுவாவாம். நீங்களும் கணக்கெழுத ஒரு சி.ஆர். கொப்பி (கெட்டி மட்டைக் கொப்பி) வாங்குங்கோ.