எடை மாறவில்லை, வகுப்பு மட்டும் ஏன் மாறியது?

கேள்வி: அமெரிக்காவில் பிளாஸ்டிக் சேமிப்புப் பெட்டிகளைப் பேலட்டில் (சரக்கை அடுக்கும் அடித்தட்டு) அடுக்கி எல்டிஎல் முறையில், அதாவது முழு லாரி எடுக்காமல் மற்றவர்களின் சரக்கோடு இடத்தைப் பகிர்ந்து, அனுப்புகிறேன். பேலட் 48-க்கு 40 அங்குலம். அடுக்கின் உயரம் 48 அங்குலம். பேலட்டோடு சேர்த்து எடை 450 பவுண்ட். சரக்குக் கட்டண வகுப்பு 100 என்று எழுதிக் கொடுத்தேன். லாரி நிறுவனம் மறுபடி அளந்து, 125 என்று மாற்றிக் கூடுதல் பணம் கேட்கிறது. எடை ஒரு பவுண்ட்கூட மாறவில்லையே?

பதில்: எடையில் பேலட்டைச் சேர்த்த நீங்கள், உயரத்தில் அதை விட்டுவிட்டீர்கள். தரையிலிருந்து உச்சிவரை அளப்பதே முறை. பேலட்டின் உயரம் சுமார் 6 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 54.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 1728-ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். உங்கள் சரக்கு 60 கன அடி. 450-ஐ 60-ஆல் வகுத்தால் அடர்த்தி, அதாவது ஒரு கன அடிக்கு எத்தனை பவுண்ட் என்பது, 7.5. நீங்கள் போட்ட கணக்கில் அது 8.4 ஆக இருந்திருக்கும். சரக்குகளுக்கு வகுப்பு குறிக்கும் அமெரிக்க அட்டவணையான என்எம்எஃப்சியில், அடர்த்தி 6 முதல் 8-க்குள் இருந்தால் 125-ஆம் வகுப்பு. 8 முதல் 10-க்குள் 100. 10 முதல் 12-க்குள் 92.5. வகுப்பு எண் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். லேசான சரக்கு லாரியின் இடத்தை நிரப்பிவிடும், எடைக் கணக்கில் வருமானம் தராது. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் இந்த ஏற்பாடு. 2025 ஜூலையில் வந்த திருத்தத்துக்குப் பிறகு இன்னும் பல பொருட்கள் 13 படிகள் கொண்ட இந்த அடர்த்தி அளவுகோலின்கீழ் வந்துவிட்டன. கையாளும் சிரமம், அடுக்கும் வசதி, சேத அபாயம் ஆகியவையும் வகுப்பைத் தீர்மானிக்கலாம் என்பதால் உங்கள் பொருளின் என்எம்எஃப்சி எண்ணை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

இந்தக் கட்டணத்தை எதிர்த்து வாதாடுவதில் பயனில்லை என்பேன். அடுத்த முறை உயரத்தைக் குறையுங்கள். எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எடை மாறாமல் மொத்த உயரத்தை 50 அங்குலத்துக்கு இறக்கினால் அடர்த்தி 8.1, 100-ஆம் வகுப்பு கிடைத்துவிடும். அதற்கும் கீழே 45-க்கு இறக்கினாலும் அதே 100தான், பட்ட பாடு வீண். அடுத்த படியான 92.5 வேண்டுமென்றால் 40 அங்குலத்துக்கு வர வேண்டும். ஆகவே அடுக்குவதற்கு முன்பே எந்தப் படியைக் குறிவைக்கிறீர்கள் என்று கணக்குப் போடுங்கள்.

உங்கள் பொருளுக்கு ஒரு வசதி உண்டு: மூடிகளைத் தனியே கட்டி, பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகலாம். காற்றுக்குக் கூலி கொடுப்பது அதோடு நிற்கும். மேலே மிஞ்சிய ஒற்றைப் பெட்டியை உச்சியில் வைக்காதீர்கள். அந்த ஒன்றின் உயரமே முழுப் பேலட்டுக்கும் கணக்காகும். விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டியும் அப்படித்தான்.

சுற்றிக் கட்டி முடித்த பிறகு அளவு நாடாவோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில் ஆஃப் லேடிங்கில் (சரக்கோடு கொடுக்கும் அனுப்பு ஆவணம்) வகுப்போடு மூன்று அளவுகளையும் எழுதுங்கள். அவர்கள் தவறாக அளந்தால் அப்போது காட்ட உங்களிடம் சான்று இருக்கும்.